உத்திரத்துக் கயிறும் முதுகு ஊசியும்

எங்கள் ஆயா பெற்ற எட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே கயிறுதான். கடலில் வலை இழுத்துத் தேய்ந்துபோன கயிறு. காசிமேட்டுக் குடிசையின் உத்திரத்தில் அதைப் போட்டு முடிந்துவிடுவார்களாம். நோவு எடுத்ததும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். மருத்துவச்சி பின்னால் உட்கார்ந்து தன் முழங்காலை இடுப்புக்கு அண்டக் கொடுப்பாள். வலி ஏறும்போது இழு, இறங்கும்போது விடு. அன்றைக்கு வலிக்கு இருந்த வைத்தியம் இவ்வளவுதான். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்திருக்கும் என்று ஆயா சொல்லும். எட்டில் ஐந்து தங்கியது.

வடசென்னையில் பாட்டியை ஆயா என்போம். ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டைப் பெருக்கித் துடைத்து, பிள்ளையைத் துடைத்துத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பவரையும் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். இந்த இரண்டு ஆயாக்களுக்கும் நடுவில் எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறை பிள்ளை பெற்றிருக்கிறது. போன வருஷம் நாலாவது தலைமுறைக்காரி, என் அண்ணன் மகள், எட்டு மாத வயிற்றோடு திருவொற்றியூர் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"அத்தை, முதுகுல ஒரு ஊசி போட்டா வலியே தெரியாதாமே. போட்டுக்கட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி குறுக்கே வந்துவிட்டாள். "அதெல்லாம் வாணாம். காலம்பூரா இடுப்பப் புடிச்சிக்கினு உக்காருவே." உள்ளேயிருந்து என் அம்மா குரல் கொடுத்தாள். "நாங்கல்லாம் பெக்கலியா? நோவு இல்லாம புள்ள எங்கடி வரும்?"

நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தெரியவில்லை. என்னிடம் அந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை. என் அம்மாவிடமும் கேட்டதில்லை. 'வலி குறைய ஏதாவது வேண்டுமா?' என்ற நாலு வார்த்தை எங்கள் வீட்டுப் பெண்களின் காதில் விழுவதற்கு நாலு தலைமுறை ஆகியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் படித்தது, விசாரித்தது, நினைத்துப் பார்த்தது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி இல்லாத ஊர் அல்ல எங்களுடையது. சொல்லப்போனால் தமிழ்நாட்டிலேயே முந்திக்கொண்ட பகுதிகளில் ஒன்று. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லிக்கு, 18ஆம் நூற்றாண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் வேர். ராயபுரத்தில் 1880களில் ராஜா சர் சவலை ராமசாமி முதலியாரின் கொடையால் பிரசவத்துக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி வந்தது. இன்று ஆர்.எஸ்.ஆர்.எம். என்று அழைக்கப்படும் அது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசு மருத்துவமனை. காசிமேடு முதல் எண்ணூர் வரை எத்தனை பேருக்கு அதுதான் பிறந்த இடம் என்று கணக்கெடுத்தால் ஒரு மாவட்டமே தேறும். நானும் அங்கேதான் பிறந்தேன். 1888இல் ஸ்காட்லாந்திலிருந்து மெட்டில்டா மெக்ஃபெயில் என்ற பெண் மருத்துவர் சென்னைக்கு வந்து பெண்களுக்காக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அவர் தொடங்கியதுதான் வளர்ந்து, எல்லாரும் 'ரெயினி ஆஸ்பத்திரி' என்று சொல்லும் கிறிஸ்டினா ரெயினி மருத்துவமனை ஆனது. ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று வீட்டிலேயே செத்துப்போன பெண்களுக்கு அந்த வாசல் எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்று நமக்குப் புரியாது.

ஆனால் அந்த வாசல்கள் திறந்தது உயிரைக் காப்பாற்ற. வலி அந்தக் கணக்கில் வரவில்லை. அதற்கு அன்றே மருந்து இல்லாமல் இல்லை. ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது 1856இல். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1853இல், இலண்டனில் விக்டோரியா மகாராணி தன் எட்டாவது பிள்ளையைப் பெற்றபோது ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் கைக்குட்டையில் குளோரோஃபார்ம் சொட்டி முகரக் கொடுத்தார். அதற்கும் ஆறு வருஷம் முன்பு, 1847இல், எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் பிரசவ வலிக்கு ஈத்தரும் பிறகு குளோரோஃபார்மும் கொடுத்துப் பார்த்துவிட்டார். வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று வேதத்தில் சொல்லியிருக்கிறதே என்று அவரோடு சண்டைக்குப் போனவர்கள் அங்கேயும் உண்டு. மகாராணியே வாங்கிக்கொண்ட பிறகு அந்தச் சத்தம் மெல்ல அடங்கியது. விக்டோரியா பெற்றது மொத்தம் ஒன்பது பிள்ளை, என் ஆயா பெற்றது எட்டு. ஆயா காலத்தால் மகாராணிக்கு எவ்வளவோ பின்னால் வந்தவள். அவள் கையில் இருந்தது கயிறு.

கயிற்றை நான் இளப்பமாகச் சொல்லவில்லை. குந்தி உட்கார்ந்தோ மண்டியிட்டோ, உடம்புக்கு எது தோதோ அப்படி இருந்து பெறட்டும் என்றுதான் இன்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஆயாவுக்குப் பின்னால் ஒரு பெண் முழங்காலைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள், சுற்றிலும் சொந்தக்காரிகள். சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்து, பொய் வலியா மெய் வலியா என்று பார்க்க ஒருத்தி. இடுப்பில் விளக்கெண்ணெய் தேய்த்துவிட ஒருத்தி. பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, ரத்தம் நிற்காமல் போனாலோ அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆயாவின் தங்கை அப்படித்தான் போனாள். அதனால்தான் என் அம்மா தலைமுறை ஆஸ்பத்திரிக்கு ஓடியது.

ஓடியது என்றா சொன்னேன்? ஊர்ந்தது. 1970களில் அம்மாவைத் திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்துக்குச் சைக்கிள் ரிக்‌ஷாவில் கொண்டுபோனார்கள். வழியில் ரயில்வே கேட் மூடிவிட்டது. கூட்ஸ் வண்டி ஒன்று நின்று நின்று போனது. ரிக்‌ஷாக்காரர் இறங்கி நின்றுகொண்டு, "பல்லக் கடிச்சிக்கோ தாயி, இதோ தொறந்துருவான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். எனக்கு அம்மா வைத்த முதல் செல்லப் பெயரே கேட்டுக்காரி. துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் சாமான் போய்வருவதற்காகப் போட்ட ரயிலும் ரோடும்தான் எங்கள் ஊரைப் பிழைக்க வைத்தது. பிள்ளைத்தாய்ச்சிகளை நடுரோட்டில் நிறுத்தியதும் அதுதான். இன்றைக்கும் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நின்றால் 108 வண்டி ஊளையிட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். 108 வந்தது 2008இல். அதற்கு முன்பு ஆட்டோக்காரரின் நல்ல மனசுதான்.

ஆஸ்பத்திரி உயிருக்குக் காவல் கொடுத்தது. கயிற்றையும் பின்னால் உட்கார்ந்திருந்தவளையும் எடுத்துக்கொண்டது. என் முறை 1990களில் வந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு எல்லா இடமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது, ஓர் இடத்தைச் சொன்னால் மற்ற இடங்கள் தப்பித்துக்கொள்ளும். அம்மாவைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஃபிளாஸ்க்கில் வெந்நீரை வைத்துக்கொண்டு மரத்தடியில் பதினாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நான் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டிலில் கத்துகிறவளுக்கும் சேர்த்துப் பயந்துகொண்டிருந்தேன். கத்தியவளின் தொடையில் அடி விழுந்தது. "அன்னிக்கு இனிச்சுதில்ல, இன்னிக்குக் கத்து" என்ற வசனத்தை நான் என் காதால் கேட்டேன். என்னிடமும் சொன்னார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். வெளியே வந்ததும், "ஒரு சத்தம் போடல உங்க பொண்ணு, நல்ல பொண்ணு" என்று அம்மாவிடம் பாராட்டினார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. முப்பது வருஷம் கழித்தும் அந்தப் பாராட்டு எனக்குக் கசக்கிறது.

நடுராத்திரியில் வலி போதவில்லை என்று ட்ரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள். அது ஆக்ஸிடோசின் என்று எனக்கு இப்போதுதான் தெரியும். மனித உடம்பு தானாகச் சுரக்கும் அந்தச் சுரப்பை 1953இல் வின்சென்ட் து விக்னோ என்ற அமெரிக்க வேதியியலாளர் சோதனைக்கூடத்தில் செய்துகாட்டினார். 1955இல் நோபல் பரிசும் வாங்கினார். அருமையான மருந்து. தேங்கி நிற்கும் பிரசவத்தை நகர்த்தும். பிள்ளை பிறந்த பிறகு ரத்தப்போக்கை நிறுத்தி எத்தனையோ தாய்களைப் பிழைக்க வைக்கும். ஆனால் அது ஏறியதும் வலி படிப்படியாக வராது, அலைமேல் அலையாக வந்து மூச்சு வாங்கக்கூட இடம் தராது. இதை யோசிக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வலியைக் கூட்டுகிற மருந்து அன்றைக்கு ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் தொங்கியது. குறைக்கிற மருந்து அந்தக் கட்டடத்திலேயே எங்களுக்கென்று இல்லை. இரண்டுக்கும் எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதுகு ஊசி என்று நாம் சொல்லும் எபிடூரல் அப்போது புதிது ஒன்றும் இல்லை. ஃபிடெல் பாஹேஸ் என்ற ஸ்பெயின் நாட்டு ராணுவ மருத்துவர் 1921இலேயே அந்த முறையை எழுதி வைத்துவிட்டார். 1940களில் அமெரிக்காவில் பிரசவ வலிக்குக் குழாய் வைத்துத் தொடர்ந்து மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். பழைய முறையில் மருந்தின் அளவு அதிகம், கால் இரண்டும் மரக்கட்டை ஆகிவிடும். முக்க வேண்டிய நேரத்தில் முக்கத் தெரியாது; ஆயுதம் போட்டு எடுக்க வேண்டி வரும். அந்தக் காலத்துப் பயம் நியாயமானது. இப்போது மருந்தை நீர்க்கவைத்து, ஃபென்டனில் என்ற வலி மருந்தைத் துளி சேர்த்துக் கொடுக்கிறார்கள். வலி மட்டும் குறையும். காலில் தெம்பு ஓரளவு இருக்கும். பிள்ளை இறங்கும் அழுத்தம் தெரியும்.

அண்ணன் மகளோடு தண்டையார்பேட்டைப் பக்கம் அவள் காட்டிக்கொண்டிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். மயக்க மருந்து டாக்டர் ஒரு பெண்மணி. நேரம் ஒதுக்கி உட்கார்ந்து சொன்னார். மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு இருந்தது. அதைத் திருப்பிக் காட்டி, "தண்டுவடம் இதோ இங்கேயே முடிஞ்சிடுதும்மா. நாங்க குத்தறது அதுக்குக் கீழ" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் அண்ணியின் முகம் பாதி தெளிந்தது. தண்டுவடத்திலேயே ஊசி ஏறுகிறது என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள், நானும்தான்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தலையணையைக் கட்டிப்பிடித்து, முதுகைப் பூனை மாதிரி வளைத்துக்கொள்ள வேண்டும். முதலில் தோல் மரக்க ஒரு சின்ன ஊசி. பிறகு நுனி வளைந்த பெரிய ஊசி. டாக்டர் உப்புத்தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சை அழுத்தியபடியே உள்ளே போவார். அழுத்தம் கையில் எதிர்த்துக்கொண்டே வரும். சட்டென்று விட்டுக்கொடுக்கும் இடம்தான் தண்டுவட உறைக்கு வெளியே உள்ள மெல்லிய சந்து. அந்தச் சந்துக்குள் தையல் நூலைவிடக் கொஞ்சம் தடித்த குழாயை நுழைத்துவிட்டு ஊசியை உருவிவிடுவார்கள். முதுகில் இருப்பது பஞ்சு மாதிரி மெத்தென்ற குழாய் மட்டும். பத்திலிருந்து இருபது நிமிஷத்தில் வலி அடங்கத் தொடங்கும். அதற்குப் பிறகு ரத்த அழுத்தத்தையும் பிள்ளையின் இதயத் துடிப்பையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

கெடுதலும் அவர் சொன்னார், மறைக்கவில்லை. பிரிட்டனில் பிரசவ மயக்க மருத்துவர்கள் தாய்மார்களுக்குக் கொடுக்கும் தகவல் தாளில் எட்டில் ஒருத்திக்கு மருந்து போதுமான அளவு வேலை செய்யாது என்றும், நூறில் ஒருத்திக்குக் கடுமையான தலைவலி வரும் என்றும் அச்சடித்தே கொடுக்கிறார்கள். ரத்த அழுத்தம் இறங்கலாம். நடுக்கம், அரிப்பு, காய்ச்சல் வரலாம். சிறுநீர் தானாகப் போகாமல் குழாய் வைக்க நேரலாம். பிரசவம் கொஞ்சம் நீளலாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும், தட்டணுக்கள் குறைந்துபோனவர்களுக்கும் போட மாட்டார்கள். மறுபக்கம், 11,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 40 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பு இருக்கிறது. எபிடூரலால் சிசேரியன் கூடுவதில்லை; நீண்டகால முதுகுவலியும் கூடுவதில்லை. 2005க்குப் பிந்தைய ஆய்வுகளை மட்டும் எடுத்தால் ஆயுதம் போட்டு எடுப்பதும் கூடவில்லை.

அப்படியானால் எங்கள் தெருவில் 'ஊசி போட்டதுலேர்ந்து முதுகு வலி' என்று சொல்கிறவர்கள் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. வலி நிஜம். அவர்களில் அநேகம் பேருக்குப் போட்டது சிசேரியனுக்கான ஸ்பைனல் ஊசி. அது வேறு, ஒரே குத்தில் முடிந்துவிடும். அந்த ஊசிமேல் பழி விழுந்துவிட்டது. ஒன்பது மாதம் வயிற்றைச் சுமந்து தளர்ந்த இடுப்பு, தையலோடு குனிந்து பால் கொடுத்த முதுகு, மெட்ரோ வாட்டர் லாரியில் பிடித்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மூணு மாடி ஏறிய உடம்பு. இவற்றுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. என் இடுப்பு எனக்கு இன்றும் வலிக்கிறது. எனக்கு ஊசியே போடவில்லை.

சிசேரியன் என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். முந்தைய சுற்றில் 34.1 ஆக இருந்தது. தனியாரில் 63.8, அரசு ஆஸ்பத்திரிகளில் 36.0. இதற்குக் காரணம் பல. டாக்டரின் அவசரம், பணம், நல்ல நேரம் பார்ப்பது, சர்க்கரை, வயது. எங்கள் பக்கத்தில் நான் பார்த்த காரணம் ஒன்று உண்டு. கர்ப்பப்பை வாய் ஆறு, ஏழு சென்டிமீட்டர் திறந்த பிறகு, "என்னால முடியல, அறுத்து எடுத்துடுங்க" என்று கையைப் பிடித்துக் கெஞ்சுகிற பெண்கள். வெளியே நிற்கிற புருஷனும் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். வலியைக் குறைக்க வழி இல்லாத இடத்தில் வலியை நிறுத்த இருக்கும் ஒரே வழி கத்திதான். வயிற்றை அறுப்பதற்கு நூறு பேர் சம்மதிக்கிற வீட்டில் முதுகில் குழாய் வைப்பதற்கு ஒருத்தர் சம்மதிப்பதில்லை. இது தலைகீழ் என்பது என் முடிவு.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அதே 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. 2018-20 கணக்கில் தாய் இறப்பு லட்சத்துக்கு 54. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கிய மகப்பேறு உதவி இப்போது 18,000 ரூபாய். 2004இல் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது சொந்தக்காரப் பெண் ஒருத்தி கூட இருக்கலாம் என்று வந்தது. என் அம்மா மரத்தடியில் உட்கார்ந்ததற்கு அதுதான் சரியான பரிகாரம். மாதம் மாதம் பரிசோதனை, கர்ப்பத்தைப் பதிவு செய்யும் பிக்மி எண், இரும்புச்சத்து ஊசி எல்லாம் வீட்டு வாசல்வரை வருகிறது. உயிருக்கு இவ்வளவு செய்த ஊரில் வலிக்கும் செய்ய முடியும் என்பதால்தான் கேட்கிறேன். கேட்கிற ஆரோக்கியமான பெண்ணுக்கு எபிடூரல் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இலேயே பரிந்துரைத்துவிட்டது.

தடை மருந்தின் விலை இல்லை. ஆள். குழாய் வைத்த பிறகு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொன்னேனே, அதற்கு ராத்திரி இரண்டு மணிக்கும் ஒரு மயக்க மருந்து டாக்டர் பிரசவ வார்டில் இருக்க வேண்டும். கூட்டம் மிகுந்த ஆஸ்பத்திரியில் அவர் தியேட்டரில் சிசேரியனுக்கு நிற்பார். அடுத்த டேபிளில் இன்னொருத்தி காத்திருப்பாள். அவரை இழுத்து, "இவளுக்கு வலிக்கிறது, வாங்க" என்று கூப்பிட யாருக்கு மனசு வரும்? தனியாரில் அந்த டாக்டரை வரவழைக்கலாம். பிரசவச் செலவுக்கு மேலே தனியாக ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டும். ஆகவே இன்று எங்கள் ஊரில் 'போட்டுக்கட்டுமா, வேண்டாமா' என்று முடிவு செய்கிற நிலை கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கிற வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது. மீன் ஏலம் எடுத்து விற்கிறவளுக்கும், மணலியில் தினக்கூலிக்குப் போகிறவளுக்கும் வரவில்லை. அவர்களுக்கு வலி குறைவு என்று யாராவது நினைக்கிறார்களா? 'உழைச்ச உடம்பு, தாங்கும்' என்று சொல்லிச் சொல்லியே வடசென்னைப் பெண்களின் வலியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். சாம்பல், புகை, லாரி, வெள்ளம் எல்லாவற்றுக்கும் எங்களிடம் சொல்லும் வார்த்தையும் அதுதான். தாங்கும்.

அண்ணன் மகள் மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் கணக்கு எழுதுகிறாள். இன்ஷூரன்ஸ் இருந்தது. வீட்டில் மூன்று நாள் பேச்சு. அவள் மாமியார் சொன்னதுதான் முடிவைத் திருப்பியது. எண்ணூர்க்காரம்மா, அதிகம் பேச மாட்டார். "நான் பெத்தப்ப யாரும் என்னக் கேக்கல. உன்னக் கேக்கறாங்க. நீயே சொல்லு" என்றார். "முதல்ல பாக்கறேன். முடியலன்னா கேக்கறேன். கேட்டா குடுக்கணும்" என்று அவள் சொன்னாள். டாக்டர் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதி வைத்தார்.

வலி எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம். ராத்திரி பத்தரை வரை நடந்தாள், மண்டியிட்டாள், நான் இடுப்பைப் பிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு ட்ரிப்ஸ் போட்டார்கள். அலை வந்தது. அஞ்சு சென்டிமீட்டரில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, இப்போ" என்றாள். பிடித்த இடத்தில் மறுநாள் வரைக்கும் நாலு விரல் தடம் இருந்தது. குழாய் வைத்துக் கால்மணி நேரம் ஆன பிறகு இடதுபக்கம் மட்டும் வலி நிற்கவில்லை. டாக்டர் வந்து குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்து, ஒருபக்கமாகப் படுக்கச் சொல்லி, மறுபடி மருந்து கொடுத்தார். அப்புறம் ஒன்றரை மணி நேரம் தூங்கினாள். பிரசவ அறையில் ஒரு பெண் குறட்டை விட்டுத் தூங்குவதை நான் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தேன். மானிட்டரில் பிள்ளையின் துடிப்பு டக் டக் என்று ஓடிக்கொண்டிருந்தது. விடியற்காலை நாலரைக்கு முக்கச் சொன்னார்கள். கொஞ்சம் நேரம் எடுத்தது, நடுங்கினாள், ஆனால் கண் தெளிவாக இருந்தது. பெண் குழந்தை. ஆயா துடைத்துச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தபோது, "என்னக்கா, இது எவ்ளோ கருப்பு முடி" என்று அந்த ஆயாவிடம் கேட்டுச் சிரித்தாள். நான் பெற்றபோது பிள்ளையைப் பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை; என்ன பிள்ளை என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் காதில் ஏறியது.

ஊசிதான் சரி என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதே மாதத்தில் காசிமேட்டில் எங்கள் உறவுக்காரப் பெண் அரசு ஆஸ்பத்திரியில் பெற்றாள். ரெண்டாவது பிள்ளை, நாலு மணி நேரத்தில் முடிந்தது. அவள் அம்மா கூடவே இருந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் 'கத்தணும்னா கத்தும்மா' என்று சொன்னாளாம். "எனக்கு ஊசியெல்லாம் வாணாம் அத்தை, நல்லாத்தான் பெத்தேன்" என்கிறாள். அவளுக்கும் பால்சுறா வாங்கிப் புட்டு செய்துகொண்டு போனேன், இவளுக்கும் கொண்டுபோனேன். இரண்டு பேருக்கும் பால் நன்றாகவே ஊறியது. வலி தாங்கிப் பெற்றவள் பெரிய தாய், ஊசி போட்டுப் பெற்றவள் சின்னத் தாய் என்று என் முன்னால் யாரும் பேச இனி நான் விடமாட்டேன். என் அம்மா உட்பட.

அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொள்ளுப்பேத்தியை மடியில் வாங்கிக்கொண்ட அன்று ராத்திரி, எல்லாரும் படுத்த பிறகு, "ஏண்டி, அந்த ஊசி அப்பவே இருந்துச்சா?" என்று என்னிடம் கேட்டாள். இருந்தது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யாரும் சொல்லல" என்றாள்.

உங்கள் வீட்டில் எட்டு மாதக்காரி யாராவது இருந்தால், வலி எடுத்த பிறகு இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்; அப்போது எதையும் யோசிக்க முடியாது, கையெழுத்துதான் போட முடியும். இந்த வாரப் பரிசோதனைக்குப் போகும்போதே கேளுங்கள். ராத்திரி மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா? அவளுடைய ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் எத்தனை? இங்கே எபிடூரல் இல்லையென்றால் வலி குறைய வேறு என்ன கொடுப்பீர்கள்? கூட இருக்க யாரை விடுவீர்கள்? அரசு ஆஸ்பத்திரியாக இருந்தாலும் கேளுங்கள், அங்கே கட்டாயம் கேளுங்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மாதம் நூறு பேர் கேட்டால், பிரசவ வார்டுக்கென்று தனியாக ஒரு மயக்க மருந்து டாக்டர் பணியிடம் வேண்டும் என்று மேலே எழுத அந்த டாக்டர்களுக்கே ஒரு கணக்கு கையில் இருக்கும்.